டியெங் மலையூர்: பார்க்கப் போகிறவர்களும் பணம் போடப் போகிறவர்களும் கேட்டவை

இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் எரிமலைப் பீடபூமி டியெங். பாதி வொனோசொபோ மாவட்டம், பாதி பஞ்சார்நெகாரா மாவட்டம். பாலி வில்லாக்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

மதுரை வாசகர்: சார், யோக்யகர்த்தாவிலிருந்து ஒரே நாளில் போய் வர முடியுமா?

முடியும், ஆனால் பலன் இருக்காது. காரில் மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். நீங்கள் போய்ச் சேரும் மதியத்தில் மூடுபனி இறங்கிவிடும். முதல் நாள் வொனோசொபோ வரை பஸ், அங்கிருந்து 26 கிலோமீட்டர் சிற்றுந்து. இரவு மேலேயே தங்குங்கள். சிகுனீர் குன்றில் சூரிய உதயம் பார்க்க, நாலு மணிக்கெல்லாம் செம்புங்கான் கிராமத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து அரைமணி, முக்கால் மணி ஏற்றம். சனி, ஞாயிறு வேண்டாம். உதயத்துக்குப் பதில் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

ஈரோடு வாசகி: ஜூலையில் குழந்தைகளோடு போகிறோம். ஸ்வெட்டர் போதுமா அண்ணா?

போதாதும்மா. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மேகமில்லாத இரவுகளில் தரையோரம் பூஜ்யத்துக்குக் கீழே போய் புல்லில் உறைபனி படியும். தொப்பி, கையுறை, தடித்த காலுறை எல்லாம் வேண்டும். குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குளியலறைக்குள்ளேயே கேஸ் ஹீட்டர் மாட்டியிருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளியுங்கள்.

கோவை வாசகர்: எரிமலைப் பள்ளங்களின் அருகே போவது ஆபத்தா? மாஸ்க் எடுத்துப் போகிறேன்.

மாஸ்க் கந்தக நெடியைக்கூட ஒழுங்காகத் தடுக்காது. இங்கே ஆளைக் கொல்வது கார்பன் டை ஆக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. எந்தத் துணி மாஸ்க்கும் அதை வடிகட்டாது. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்திலும் ஓடைப் படுகையிலும் போய்த் தேங்கும். காற்றசையாத குளிர்ந்த விடியல்தான் மோசமான நேரம். வெயில் ஏறி காற்று வீசினால் கலையும்.

1979 பிப்ரவரி 20 அன்று சினிலா பள்ளம் வெடித்தபோது 149 பேர் இறந்தார்கள். வெடிப்புக்கு அஞ்சி ஓடியவர்கள், ஓடிய வழியில் தேங்கியிருந்த வாயுவுக்குள் போய் விழுந்தார்கள். ஆகவே விதி ஒன்றுதான்: பள்ளத்தில் இறங்காதே, தப்பி ஓடினால் மேட்டை நோக்கி ஓடு. நெடி இல்லாததால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தரையில் செத்த பறவை, பூச்சி தெரிந்தால் உடனே திரும்புங்கள். திம்பாங் பள்ளத்தின் பக்கம் குறுக்குவழி சொல்லும் கைபேசி வரைபடத்தை நம்பாதீர்கள்.

சிகிடாங் பள்ளத்தில் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். அதை விட்டு இறங்காதவரை சரி. சிலேரி வேறு ரகம்: 2017 ஜூலையில் முன்னறிவிப்பின்றி வெந்நீரும் சேறும் வீசி, பார்க்க வந்தவர்கள் காயப்பட்டார்கள். வேலிக்கு வெளியே நில்லுங்கள்.

துபாய் வாசகர்: அங்கே ஒரு ஏக்கர் வாங்கி ஹோம்ஸ்டே கட்ட ஆசை. வழி சொல்லுங்கள்.

வெளிநாட்டவர் பெயரில் 'ஹக் மிலிக்' என்ற முழு உரிமை கிடையாது. 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டம், பிரிவு 21. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி, பக்கத்தில் ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று தரகர் சொல்வார். பிரிவு 26 அதைச் செல்லாது என்கிறது. நிலம் அரசுக்குப் போகும், பணமும் திரும்பாது.

சட்டப்படி இரண்டு வழி. ஒன்று, குத்தகை. நோட்டரி முன் எழுதுங்கள். உரிமையாளரின் மனைவியும் கையெழுத்திட வேண்டும். வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்ற வாசகமும், புதுப்பிக்கும்போது வாடகையை நிர்ணயிக்கும் முறையும் அதிலேயே இருக்க வேண்டும். இரண்டு, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்கி, அதன் பெயரில் கட்டட உரிமை: 30 ஆண்டு, 20 நீட்டிப்பு, 30 புதுப்பிப்பு. ஆனால் நிலம், கட்டடம் நீங்கலாக 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். நாலு அறை ஹோம்ஸ்டேவுக்கு இது கட்டுப்படியாகாது. அது உள்ளூர்ச் சிறுதொழில்.

டியெங்குக்கே உரிய சிக்கல்களும் உண்டு. 'லெட்டர் சி' என்பது பழைய வரிப் பதிவேடு, உரிமைப் பத்திரம் அல்ல. 'பெங்கோக்' ஊர் நிர்வாகிகளுக்கு ஊதியமாக விடப்பட்ட நிலம், விற்க முடியாது. சரிவின் மேல்பகுதி பெரும்பாலும் அரசு வனக் கழகத்தின் காடு. சான்றிதழ் எண்ணை மாவட்ட நில அலுவலகத்தில் சரிபார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

சென்னை வாசகர்: நண்பர் பெயரில் வாங்கலாமா?

மேலே இருக்கிறது. கூடாது.

சிங்கப்பூர் வாசகர்: என் மனைவி இந்தோனேசியர். அவர் பெயரில்?

சொத்தைப் பிரிக்கும் திருமண ஒப்பந்தம் இருந்தால் முடியும். 2016ஆம் ஆண்டின் அரசியல்சாசன நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அதைத் திருமணத்துக்குப் பின்னும் எழுதலாம். ஒப்பந்தம் இல்லையென்றால் கூட்டுச் சொத்தாகி, அவர் உரிமையும் ஆட்டம் காணும்.

திருச்சி வாசகர்: டிரைவர் பெயரில் வாங்கினால்? நம்பிக்கையான ஆள்.

அவர் நம்பிக்கையான ஆள்தான். சட்டம் அவரைக் கேட்டு நடப்பதில்லை. நிலம் வாங்கும் கேள்விகள் இத்தோடு போதும்.

தஞ்சை வாசகர்: டியெங்கில் உள்ள அர்ஜுனன் கோயில், பீமன் கோயில் எல்லாம் ராஜேந்திர சோழன் கட்டியவைதானே?

இல்லை. அங்கே கிடைத்த கல்வெட்டு ஒன்றின் காலம் கி.பி. 809. ராஜேந்திரனின் கடற்படையெடுப்பு 1025, அதுவும் சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தின் மீது.

தஞ்சை வாசகர்: அப்படியானால் பல்லவர். பீமன் கோயிலில் மாமல்லபுரத்துக் கூடு (குதிரைலாட வடிவ அலங்கார வளைவு) அப்படியே இருக்கிறது.

கூடு இருக்கிறது, அதற்குள் முகமும் இருக்கிறது. கண் உள்ளவர் யாரும் மறுக்க மாட்டார். ஆனால் அதே கோபுரத்தின் அடுக்கில் வட இந்தியச் சாயலைக் காண்பவர்களும் உண்டு. கல்வெட்டின் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த 'கவி' என்ற பழைய ஜாவா எழுத்து, மொழி பழஞ்ஜாவானியம். தொடர்பு உண்டு, கட்டியவர்கள் ஜாவாக்காரர்கள்.

கும்பகோணம் வாசகி: மகாபாரதப் பெயர்கள் போதாதா சார்?

பெயர்கள் பிற்காலத்தில் ஊர்க்காரர்கள் இட்டவை. அர்ஜுனன் கோயிலுக்கு எதிரே நிற்பது செமார் கோயில். செமார் ஜாவா நிழற்கூத்தின் கோமாளி. வியாசருக்கு அவரைத் தெரியாது. கோயில்களோ சிவனுக்கானவை.

தஞ்சை வாசகர்: ஆதாரம் இல்லாமல் மறுக்கிறீர்கள்.

கல்வெட்டின் ஆண்டு ஆதாரம்தான் ஐயா. அடுத்த கேள்வி.

ஊட்டி வாசகர்: நாங்களும் உருளைக்கிழங்கு போடுபவர்கள்தான். அங்கே ஏன் பாத்தியைச் சரிவோடு மேலிருந்து கீழாக வெட்டுகிறார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி. கிரானோலா ரகம், ஈரம் தேங்கினால் கிழங்கு அழுகும். குறுக்கே வெட்டினால் தண்ணீர் நிற்கும் என்று பயந்து நேராக வெட்டுகிறார்கள். மழையில் மேல்மண் செராயு ஆற்றோடு போய், கீழே ம்ரிச்சா அணையைத் தூர்க்கிறது. போன சத்துக்கு ஈடாகக் கோழி எருவை இன்னும் கொட்டுகிறார்கள். குறுக்குப் பாத்திக்கு லேசான சாய்வும், ஓரத்தில் வடிகாலும் கொடுத்தால் இரண்டும் தீரும். ஆனால் கூலி கூடும், துண்டு நிலத்தில் வடிகாலுக்கு இடமும் போகும். உறைபனி விழுந்த காலையில் வெயில் படும் முன் இலையில் தண்ணீர் தெளிப்பார்கள்; கடும்பனியில் அதுவும் காப்பாற்றாது.

சேலம் வாசகி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தெம்பே கெமுல் கேளுங்கள். தெம்பே என்பது புளிக்கவைத்த சோயாக் கட்டி; அதை மஞ்சள் மாவில் தோய்த்த பஜ்ஜி மாதிரி. மி ஒங்க்லோக் நூடுல்ஸின் குழம்பில் உலர்ந்த இறால் சேர்ப்பார்கள், சம்பால் என்ற மிளகாய்த் துவையலிலும் இறால் விழுது இருக்கும். இரண்டையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சாரிகா என்ற மலைப் பப்பாளியைப் பாகில் போட்ட பாட்டில் வாங்கலாம். பச்சையாக உரிக்க வேண்டாம், காயின் பால் கையை அரிக்கும்.

சென்னை வாசகர்: சார், ஒப்பந்தத்தை லாயர் எழுதினாலும் நண்பர் பெயரில்...

கூடாது.