நியூ ஃபிலடெல்ஃபியா – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அடிமையாக இருந்த ஒரு கறுப்பர் நிறுவிய நியூ ஃபிலடெல்ஃபியா என்ற ஊர் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அது இருந்த பைக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) இன்று ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். அந்த ஊரும் அழிந்துவிட்டது. அங்கே கறுப்பர் வரலாற்றைத் தோண்டுவது யாருக்காக?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘கறுப்பர் வரலாறு’ என்று நீங்கள் தனியாக எடுத்து வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் அடுத்தடுத்த மனைகளில் குடியிருந்தார்கள். அகழாய்வில் கிடைத்த பீங்கான் துண்டுகளில்கூட, கறுப்பர் வீட்டுக்கு ஒருவிதம், வெள்ளையர் வீட்டுக்கு வேறுவிதம் என்று இல்லை.

ஊரை உண்டாக்கிய ஃபிராங்க் மெக்வொர்ட்டர் கென்டக்கியில் அடிமையாக இருந்தவர். எஜமானரின் வேலை போக மிஞ்சிய நேரத்தில், வெடிமருந்து செய்ய உதவும் வெடியுப்பு எடுத்து விற்றுக் காசு சேர்த்தார். 1817இல் 800 டாலர் சேர்ந்ததும் அவர் மீட்டது தன்னை அல்ல, மனைவி லூசியை. லூசி அப்போது கர்ப்பிணி. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது சட்டம். தாயை முதலில் மீட்டால் வயிற்றில் இருக்கும் பிள்ளை சுதந்திரமாகப் பிறக்கும். அப்படித்தான் பிறந்தது. தன்னை மீட்டுக்கொள்ள அவருக்கு இன்னும் 2 வருடமும் இன்னொரு 800 டாலரும் ஆயின. ஒரு தகப்பன் இப்படிக் கணக்குப் போட வேண்டியிருந்ததே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அப்புறம் கனடாவுக்குத் தப்பியோடிய மகனின் விடுதலைக்காக அந்த வெடியுப்புத் தொழிலையே கொடுத்தார். இல்லினாய்க்கு வந்து 1836இல் 144 மனைகளோடு ஊரைப் பதிவு செய்தார். உள்நாட்டுப் போருக்கு முன் ஒரு கறுப்பர் முறையாக வரைபடம் பதிந்து நிறுவிய முதல் ஊர் அது. அங்கேயும் சட்டம் அவரை நிம்மதியாக விடவில்லை. வழக்காடும் உரிமையும் மெக்வொர்ட்டர் என்ற குடும்பப் பெயரும் 1837இல் சட்டமன்றம் அவருக்கென்று தனிச் சட்டம் போட்ட பிறகுதான் கிடைத்தன. மனை விற்ற காசு பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மீட்கப் போனது. 1854இல் அவர் இறந்த பிறகும் உயிலின்படி மீட்பு தொடர்ந்தது. மொத்தம் 16 பேர், சுமார் 14,000 டாலர்.

1869இல் ரயில் பாதை ஊரை ஒதுக்கிவிட்டு வடக்கே போனது. சரி, ஊர் தேய்ந்துவிட்டது. நிலம் விளைநிலமானது.

யாருக்காக என்று கேட்டீர்கள். 1990களில் அந்த நிலத்தைக் காப்பாற்ற முன்வந்தவர்கள் நீங்கள் சொல்லும் அதே கவுண்டியின் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தான். மெக்வொர்ட்டரின் வாரிசுகளும் சேர்ந்துகொண்டார்கள். 2022 டிசம்பரில் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று.