ஓர் ஊர்ப் போதகரின் மனைவியாக வாழ்வது உண்மையில் எப்படி இருக்கும்?

என் அம்மம்மா 36 வருடம் அப்படி வாழ்ந்தவர். அதை வேலை என்றே நான் சொல்வேன், சம்பளம் மட்டும் அம்மப்பாவுக்கு வந்தது. 1932இல் இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாற்றில் பிறந்து, 2022இல் அதே ஊரில் கண்ணை மூடினார். இடையில் எட்டு ஊர்கள்.

எங்கள் பக்க வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு ஒரு கல்வீட்டைக் கட்டி எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் வளவுக்குள் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். தமிழர் முஸ்லிம்கள் இரு பக்கமும் இதேதான். அதனால் இங்கே ஒரு பெண் "என்ட வீடு" என்று சொன்னால் அதற்குக் காணி உறுதியே இருக்கும்.

அம்மம்மாவுக்கும் ஓட்டு வீடும் பத்துத் தென்னையும் சீதனமாக எழுதினார்கள். 1954இல் மெதடிஸ்த போதகர் ஒருவருக்கு அவரைக் கட்டிக் கொடுத்தார்கள். போதகர்களைச் சில வருடங்களுக்கு ஒரு தடவை ஊர் மாற்றுவார்கள், போகும் இடமெல்லாம் குடியிருக்கச் சபையின் வீடு ஒன்றைக் கொடுப்பார்கள், அதுதான் குருமனை. எனவே சீதன வீட்டுச் சாவியைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு லொறியில் ஏறினார். திரும்பி வந்தது 1990 கடைசியில், அம்மப்பா ஓய்வு பெற்ற பிறகு.

குருமனை என்றதும் பெரிய வீடு, பெரிய வளவு என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். பெரிய வீடுதான், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் சபையின் சொத்து. ஊருக்குப் போய் இறங்கியவுடனே ஒரு கொப்பி வரும். கதிரை 12, கட்டில் 3, அலுமாரி 2, பெற்றோல்மக்ஸ் 1 என்று அதில் எழுதியிருக்கும். சரி பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும், போகும்போது அதே கணக்கில் ஒப்படைக்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அம்மம்மாவுக்கென்று எட்டு ஊருக்கும் கூட வந்தவை ஒரு கைத் தையல் மெஷினும் தேங்காய் திருவும் ஒரு திருவலையும்தான். "மற்றதெல்லாம் ஆண்டவர்ர, அதுக்கும் மேல மூப்பர்மார்ர" என்பார். சிரிக்காமல் சொல்வார்.

அன்றாட வேலை கேட்டீர்களானால், ஓய்வுநாட் பாடசாலை, மாதர் சங்கம், ஆர்மோனியம், திருவிருந்து மேசைத் துணி துவைப்பது, ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளியைப் பார்ப்பது. அறுப்பின் பண்டிகைக்கு வந்த பூசணிக்காய் ஏலத்தில் விலைபோகாவிட்டால் அதைத் தானே வாங்கி, அந்தக் கிழமை முழுக்க அதையே ஆணமாக்குவது. சாப்பாட்டு நேரத்துக்கு யாரும் வரலாம் என்பதால் எப்போதும் இரண்டு பேருக்குக் கூட்டித்தான் உலை வைப்பது. சேலைக்கும் கணக்கு இருந்தது. கல்முனையில் இருந்தபோது மருதமுனை நெசவுக்காரர் ஒருவர், மாதம் மாதம் கொடுத்தால் போதும் என்று, நல்ல சிவப்பில் ஒரு கைத்தறிச் சேலை கொடுத்தாராம். அம்மம்மா அதை ஒரே ஒரு ஞாயிறு உடுத்தார். கோயில் வாசலிலேயே, "போதகரம்மா சிவப்பு உடுத்திருக்கா, பாத்தியா கா?" என்று காதில் விழுந்தது. பிறகு அது என் அம்மாவுக்குப் பாவாடையாகிவிட்டது.

இவையெல்லாம் வெளியில் தெரிந்த வேலைகள். தெரியாத பெரிய வேலை பின்வாசலில் நடந்தது. போதகர் ஐயாவைத் தேடி வருகிற ஆண்கள் முன் விறாந்தையில் கதிரையில் உட்கார்ந்து பேசுவார்கள். பெண்கள் வளவைச் சுற்றி வந்து குசினிக் கதவைத் தட்டுவார்கள். புருஷன் அடித்தது, வட்டிக்காசு, பிள்ளை தங்காதது, யாரையோ விரும்பிவிட்ட மகள். அம்மம்மா தேங்காய் திருவிக்கொண்டே கேட்பார். வந்தவர் அழுது முடியும் வரை திருவுவாராம், அதனால் எங்கள் வீட்டில் அடிக்கடி தேவைக்கு மேல் தேங்காய்ப்பூ இருந்தது என்று அம்மா சொல்வார். கேட்டதில் ஒரு சொல்கூட விறாந்தைக்குப் போகாது. அம்மப்பாவுக்கே தெரியாத சங்கதிகள் ஏராளம்.

1990இல் அம்மப்பா கடைசியாகப் பணி செய்த சேகரத்தில் இருந்தார்கள். யூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு பின்வாசலுக்கு வந்தவர்கள் வேறு மாதிரி. பிடித்துக்கொண்டு போன மகனைத் தேடும் தாய்மார். சைவம், கிறிஸ்தவம் என்று பார்க்காமல் வந்தார்கள். பெயர், வயது, போட்டிருந்த சேட்டின் நிறம், கொண்டுபோன இடம், நேரம் எல்லாவற்றையும் கேட்டு, செஞ்சிலுவைக்காரருக்குக் கொடுக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பிரதி ஒன்றைத் தனக்கும் எழுதி வைத்தார். அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஒரு கோபக் கதையும் சொல்ல வேண்டும், அம்மம்மா கோபப்பட்டதாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். 1978 நவம்பர் 23 புயல். அப்போது இருந்த ஊரின் பெயர் வேண்டாம். ஓலை வீடுகள் போனபின் அயல் முழுக்கக் குருமனைக்குள். விடிய, குழந்தைகளுக்குக் கஞ்சி வைக்க வேண்டும், முறிந்து கிடந்த தென்னை எல்லாம் ஈரம். உள்ளே இருந்த இரண்டு பழைய கதிரைகளை உடைத்து அடுப்பில் வைத்தார். அடுத்த மாற்றம் வந்து கொப்பியைத் திறந்தபோது, மூப்பர் ஒருவர் அந்த இரண்டு கதிரை எங்கே என்று கேட்டாராம். அவருடைய பேரப்பிள்ளையும் அந்தக் கஞ்சியைக் குடித்தவன். அம்மம்மா ஒன்றும் பேசாமல் காசை எண்ணி மேசையில் வைத்துவிட்டு, கொப்பியில் தன் கையெழுத்தில் "கதிரை 2 - கஞ்சி" என்று எழுதினார்.

மட்டக்களப்பு நகரில் வில்லியம் ஓல்டுக்குச் சிலை இருக்கிறது. 1814இல் இங்கே வந்த முதல் மெதடிஸ்த போதகர், ஒரு வருடம்கூட முடியாமல் 1815இல் இறந்துபோனவர். கூடப் புறப்பட்ட அவர் மனைவி வருகிற வழியில் கப்பலிலேயே இறந்துவிட்டார், உடலைக் கடலில்தான் விட்டார்கள். இதை எனக்குச் சொன்னது பள்ளிக்கூடம் அல்ல, அம்மம்மா. சிலையைக் கடக்கும் போதெல்லாம் "அந்தப் புள்ள பாவம்" என்பார், ஏதோ பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்வது போல.

அம்மப்பா 1997இல் போனார். அப்புறம் 25 வருடம் அம்மம்மா தன் வீட்டில் தனியாகவே இருந்தார். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், காலை ஆராதனைக்கு வெளிக்கிட்டு நிற்கும்போது கடல் வந்தது என்று ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர் வீடு வாவிப் பக்கம், தப்பியது. அன்றிரவு 23 பேர் படுத்தார்கள். என் மாமா, "இவ்வளவு பேரை எப்படி அம்மா?" என்று கேட்டதற்கு, "இது என்ட வீடு மனே, ஆரிட்டயும் கேக்கத் தேவல்ல" என்றார். அடுப்புக்கு என்ன எரித்தார் என்று எனக்கு ஞாபகம் இல்லை, கதிரைகள் எல்லாம் மிஞ்சின.

ஆனாலும் அந்த வீட்டுச் சுவர்களில் ஒரு ஆணிகூட இல்லை. அம்மப்பாவின் படம் மேசையில்தான் சாய்ந்து நின்றது, கலண்டர் யன்னல் கம்பியில் தொங்கியது. ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை. 2022இல் அம்மம்மாவின் படத்தை மாட்ட மாமா சுத்தியல் தேடினார். வீட்டில் இல்லை. அடுத்த வீட்டில் இரவல் வாங்கி வந்தோம்.