மாற்றியமைத்த மறுவெளியீட்டு ஆம்ப்: கூடுதல் விலை தகுமா?

கேள்வி: வார இறுதிகளில் மேடையில் கிட்டார் வாசிக்கிறேன். ஃபெண்டர் '65 டீலக்ஸ் ரிவெர்ப் மறுவெளியீட்டு ஆம்ப் (1960களின் கிட்டார் ஒலிபெருக்கும் கருவியை ஒத்து இப்போது மீண்டும் தயாரிக்கப்படுவது) ஒன்றில் ஸ்பீக்கர், டிரான்ஸ்பார்மர், வால்வுகள் (ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) ஆகியவற்றை மாற்றி, புதிய ஆம்பின் விலையைப் போல் ஒன்றரை மடங்குக்கு ஒருவர் விற்கிறார். பழைய ஆம்புகளைப் போல இதுவும் விலை ஏறும் என்கிறார். சேமிப்பிலிருந்து எடுத்து வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. 1960களின் அசல் ஆம்புகள் விலை ஏறியதற்குக் காரணம், அவை இனிமேல் ஒன்றுகூடப் புதிதாக வர முடியாது என்பதுதான். மறுவெளியீடோ 1990களின் தொடக்கத்திலிருந்து தயாரிப்பில் இருக்கிறது. கடையில் புதிதாகக் கிடைக்கும் வரை, பயன்படுத்திய மறுவெளியீட்டின் விலைக்கு அந்தப் புதிய விலையே உச்சவரம்பாக நிற்கும். எனவே நீங்கள் செலுத்தப்போகும் அந்தக் கூடுதல் அரைப் பங்கை முதலீடு என்று எண்ணாதீர்கள். அது விற்பவருடைய காதுக்குப் பிடித்த ஒலிக்காக அவர் செய்த செலவு. அடுத்து வாங்குபவர் அதைத் திருப்பித் தருவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மாற்றங்களால் தயாரிப்பாளரின் உத்தரவாதமும் பெரும்பாலும் போய்விடும்.

மாற்றங்களே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதிகம் பலன் தருபவை பெரும்பாலும் மலிவானவை. இந்த ஆம்பின் வைப்ராட்டோ சேனலில், வால்யூம் குமிழுக்குப் பின்னால் 47 பிகோஃபாரட் மின்தேக்கி (கூர்மையான ஒலிகளை மட்டும் கூட்டிக் கடத்தும் சிறு பாகம்) ஒன்று இருக்கிறது. வால்யூம் குறைவாக இருக்கும்போது ஒலி காதைக் குத்துகிறது என்று பலர் குறைப்படுவதற்கு அதுவே முக்கியக் காரணம். அதன் ஒரு காலைத் துண்டித்தாலே ஒலி மென்மையாகிவிடும். பொருட்செலவு ஏதும் இல்லை, தொழில்நுட்பரின் கூலி மட்டுந்தான். (தயவுசெய்து நீங்களே திறக்காதீர்கள், மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நின்று உயிரைப் பறிக்கக்கூடும்.)

அடுத்தது ஸ்பீக்கர். உணர்திறன் (அதே மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 3 டெசிபல் கூடுதலான ஸ்பீக்கரைப் பொருத்துவது, ஆம்பின் 22 வாட்டை 44 வாட்டாக்குவதற்குச் சமம். மேடையில் வாசிக்கும் உங்களுக்கு அது உண்மையான பயன். நான்கு திருகுகளில் கழன்றுவிடும் என்பதால், ஆம்பை விற்கும் நாளில் பழையதை மாட்டிக் கொடுத்துவிட்டு, நல்ல ஸ்பீக்கரைத் தனியாக விற்றுக்கொள்ளலாம். டிரான்ஸ்பார்மர் மாற்றம் அப்படியல்ல: செலவு அதிகம், காதுக்குத் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் சிறிது, போட்ட பணம் திரும்புவதும் அரிது. வால்வுகளோ தேய்ந்துபோகும் பொருள்கள். அவற்றுக்கென்று தனி விலை கொடுக்காதீர்கள்.

ஆகவே மாற்றப்படாத, நன்கு பேணப்பட்ட, ஏற்கெனவே பயன்படுத்திய ஒரு மறுவெளியீட்டை வாங்கி, சில மாதங்கள் மேடையில் வாசித்துப் பார்த்து, உண்மையில் எது குறைகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள். கேட்கப்படும் தொகையைக் கொடுத்தே தீர வேண்டுமென்று தோன்றினால், ஃபெண்டரே கையால் வயரிங் செய்து விற்கும் '64 கஸ்டம் டீலக்ஸ் ரிவெர்பின் விலைக்கு அது எவ்வளவு நெருங்குகிறது என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த ஆம்பின் ஒலியே உங்கள் மனத்தைக் கவர்ந்துவிட்டதென்றால், கழற்றிய அசல் பாகங்களையும் வேலைக்கான ரசீதுகளையும் கேளுங்கள். மாற்றப்படாத, பயன்படுத்திய மறுவெளியீட்டு ஆம்பின் விலையோடு, பயன்படுத்திய நிலையில் அந்த ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் விலையை மட்டும் கூட்டிச் சொல்லுங்கள். அதற்கு அவர் இசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.