ஜெர்மனியில் ரயிலேறும் தம்பதிகளுக்கு: ஒரு மாலைக் கேள்வி பதில்

ஜெர்மனிக்குச் சுற்றுலா வரும் தம்பதிகள் ஒரே மாதிரியான சந்தேகங்களைத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் இன்று மாலை முழுக்க இங்கேயே உட்கார்ந்து பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். கொலோனில் குடியேறி 20 வருஷம் ஆகிறது. நானும் மனைவியும் கார் வாங்கவே இல்லை, எல்லாம் ரயில்தான். விசா, ஹோட்டல் கேள்விகளை மற்றவர்களிடம் கேளுங்கள். ரயிலைப் பற்றி என்னிடம் கேளுங்கள்.

திருச்சி, புதுமணத் தம்பதி: அண்ணா, 10 நாள் பயணம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி கொலோன், பெர்லின், மியூனிக் போகிறோம். 63 யூரோ டிக்கெட்டில் ஜெர்மனி முழுக்கச் சுற்றலாம் என்கிறார்களே, ஆளுக்கு ஒன்று வாங்கினால் போதுமா?

போதாது. ஆனால் வாங்குங்கள். நீங்கள் சொல்வது டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-இல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, வட்டார ரயில்கள் எல்லாம் இதில் அடக்கம். ஐசிஇ, ஐசி, இசி என்ற நீண்டதூர ரயில்களில் செல்லாது. பெர்லினிலிருந்து மியூனிக்குக்கு ஐசிஇ சுமார் 4 மணி நேரத்தில் போய்விடும். அதையே வட்டார ரயில்களில் மாறி மாறிப் போனால் உங்கள் 10 நாளில் ஒரு நாள் போய்விடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கொலோன்–பெர்லின், பெர்லின்–மியூனிக் இரண்டுக்கும் 'சூப்பர் ஸ்பார்பிரைஸ்' என்ற மலிவு டிக்கெட்டை இப்போதே எடுங்கள். முன்கூட்டி எடுத்தால் ஒருவருக்கு 20 யூரோவுக்குக் கீழேகூடக் கிடைக்கும். அதே இருக்கை கடைசி நேரத்தில் 100 யூரோவைத் தாண்டலாம். இந்த டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது, குறித்த ரயிலில் மட்டுமே போக வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் 63 யூரோ டிக்கெட் போதும்.

அது மாதாந்திரச் சந்தா, கணக்கு 1-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை. ஜூலை 27-இல் வந்து ஆகஸ்ட் 5-இல் திரும்பினால் இரண்டு மாதக் கட்டணம், அப்போது லாபமில்லை. 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதத்தோடு நிற்கும். மறந்தால் ஊருக்குப் போன பிறகும் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். வாங்கிய உடனே ரத்து செய்யும் வழியையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை: என் பெயர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு நீளமாக இருக்கிறது. டிக்கெட்டில் இனிஷியல் போடலாமா?

வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். ஆன்லைன் டிக்கெட் பெயருக்கு உரியது, சோதிப்பவர் அடையாளம் கேட்கலாம். கணவன் மனைவி இருவரும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பிரிந்து பயணம் செய்யாதீர்கள்.

சென்னை: வெயிட்டிங் லிஸ்ட் உண்டா சார்? பி.என்.ஆர். எங்கே பார்ப்பது?

அந்த முறையே இங்கே இல்லை. டிக்கெட் என்பது ஏறுவதற்கான உரிமை மட்டும். இருக்கைக்குத் தனியாகச் சில யூரோ கட்டி முன்பதிவு செய்ய வேண்டும், அது கட்டாயமும் இல்லை. டிக்கெட் இருந்தும் வெள்ளிக்கிழமை மாலை ஹனோவர் வரை கதவோரம் நின்றுகொண்டே போகிறவர்களை நிறையப் பார்க்கலாம். இரண்டு பெட்டிகளோடு வரும் தம்பதி முன்பதிவு செய்வதே நல்லது. இருக்கைக்கு மேல் இருக்கும் சிறிய திரையில் ஊர்ப் பெயர்கள் தெரிந்தால் அந்தத் தூரத்துக்கு யாரோ பதிவு செய்திருக்கிறார்கள் என்று பொருள். காலியாக இருந்தால் உட்காருங்கள்.

பெங்களூரு: பிளாட்ஃபாரத்தில் ஏ, பி, சி என்று எழுத்துகள் தொங்குகின்றன. அது எதற்கு?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று அறிவிப்புப் பலகையிலும் ரயில் நிறுவனத்தின் செயலியிலும் காட்டுவார்கள். அங்கே போய் நில்லுங்கள். ரயில் சில நிமிடங்கள்தான் நிற்கும்.

பல ஐசிஇ-க்கள் இரண்டு ரயில்களை மூக்கோடு மூக்கு ஒட்டி ஓடுகின்றன. ஒரு பாதியிலிருந்து மற்றதற்கு உள்ளே நடந்து போக வழி கிடையாது. பெர்லினிலிருந்து மேற்கே வரும் ரயில் பல நேரம் ஹம் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்கு, மற்றது டார்ட்மண்ட், எஸ்ஸன் வழியாக டுசல்டார்ஃபுக்கு. நாங்கள் வந்த புதிதில் பெர்லினில் அவசரமாக ஓடி, நான் ஒரு பாதியிலும் மனைவி மறுபாதியிலும் ஏறிவிட்டோம். உள்ளே நடந்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. போனில் ஒருவரையொருவர் தேடி, ஹனோவரில் ரயில் நின்றதும் அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு பிளாட்ஃபாரத்திலேயே ஓடி வந்து ஏறினாள். இன்னும் ஒரு நிலையம் கடந்திருந்தால் வேறு வேறு ஊரில் இறங்கியிருப்போம். ஏறுமுன் பெட்டியின் வெளிப்பக்கம் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படியுங்கள். இருவரும் ஒரே கதவில் ஏறுங்கள்.

சேலம்: விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் மதியம் 1 மணிக்கு. மியூனிக்கில் காலை 6 மணி ரயில் பிடித்தால் சரியாக இருக்குமா?

முதல் நாள் மாலையே ஃபிராங்க்ஃபர்ட் வந்துவிடுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். 2024-இல் நீண்டதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அந்தக் கணக்கில் 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதம் தாமதமே இல்லை. தண்டவாளங்கள் பழையவை, அவற்றில் ஓடும் ரயில்கள் அதிகம், எங்கும் பழுதுபார்ப்பு. 2024-இல் ஃபிராங்க்ஃபர்ட்–மான்ஹைம் பாதையைச் சீரமைக்க ஐந்து மாதம் அடைத்தே வைத்தார்கள்.

சில விமான டிக்கெட்டுகளோடு 'ரெயில் அண்ட் ஃப்ளை' என்ற ரயில் டிக்கெட்டும் சேர்ந்து கிடைக்கும். கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் விமானத்துக்கு முந்தைய நாளே ரயிலில் வரலாம்.

கோவை: வழியில் ரயில் மாற 8 நிமிடம் காட்டுகிறது. தவறவிட்டால்?

எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருந்து, போய்ச் சேருவதில் 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதம் வரும் என்று தெரிந்தால், 'இந்த ரயிலில் மட்டும்' என்ற கட்டுப்பாடு நீங்கிவிடும். அடுத்த ரயிலில் ஏறலாம். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். பாதித் தூரத்துக்கு ஒரு டிக்கெட், மீதிக்கு இன்னொன்று என்று தனித்தனியாக வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. எப்படியும் 8 நிமிடத்தை நம்பாதீர்கள். செயலியில் மாறும் நேரத்தை 30 நிமிடமாகக் கூட்டிக்கொள்ள வசதி இருக்கிறது.

ஈரோடு: டிக்கெட் எப்போது எடுத்தால் மலிவு?

முதல் பதிலைப் பாருங்கள். இப்போதே.

தஞ்சாவூர்: சைவ உணவு கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை கடையே இருக்காதாமே?

ஊருக்குள் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் சூப்பர் மார்க்கெட், ரொட்டிக் கடை திறந்திருக்கும். புளிசாதம் கட்டிக்கொண்டு போய் ரயிலில் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், கடை இயந்திரத்தில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட்.

வேலூர்: ரயில் நிலையத்தில் கேட் எதுவும் இல்லை என்கிறார்களே?

இல்லை. ஆனால் சோதனை உண்டு, டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ அபராதம். பல நகரங்களில் இயந்திரத்தில் வாங்கும் காகித டிக்கெட்டை, ஏறுமுன் சின்னப் பெட்டி ஒன்றில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே அல்ல, சுற்றுலாப் பயணி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

திருச்சி, புதுமணத் தம்பதி: அண்ணா, ஃபிராங்க்ஃபர்ட்–கொலோனுக்கும் ஐசிஇ எடுத்துவிடவா? ஒரு மணி நேரத்தில் போகிறதாமே.

எடுக்காதீர்கள்! அந்த வேகப் பாதை 2002-இல் திறந்தது. மணிக்கு 300 கி.மீ. வேகம், கிலோமீட்டருக்கு 40 மீட்டர் வரை ஏறும் சரிவு. அதில் ஐசிஇ 3 வகை ரயில்களே ஓடுகின்றன. பொறியியலாக அருமையான வேலை. ஆனால் ஜன்னலில் நெடுஞ்சாலையும் சுரங்கக் குகையும்தான் தெரியும். ரைன் நதி தெரியாது. அதைப் பார்க்க ஆற்றோரமாகப் போகும் வட்டார ரயிலில் போங்கள்.

ஹாம்பர்க் நண்பர் குறுக்கிட்டு: 10 நாள் பயணமாக வருகிறவர்களை மூன்று மணி நேரம் பாசஞ்சரில் உட்கார வைக்காதீர்கள். அந்த நேரத்தில் கொலோன் தேவாலயத்தையே ஏறிப் பார்த்துவிடலாம்.

தேவாலயம் ரயில் நிலைய வாசலிலேயே 157 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. எந்த நேரம் வந்தாலும் பார்க்கலாம். பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே ரைன் பள்ளத்தாக்கில் போகும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் விருந்தினர்களை அழைத்துப் போகிறேன். மலைக்கு மலை கோட்டை, சரிவெங்கும் திராட்சைத் தோட்டம், காவுப் அருகே ஆற்றின் நடுவே கப்பல் போல நிற்கும் கோட்டை, அப்புறம் 132 மீட்டர் உயர லோரலைப் பாறை. அந்தப் பகுதி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் 2002-இல்தான். வேகப் பாதை திறந்த அதே வருஷம்!

ஹாம்பர்க் நண்பர்: விமானத்தில் தூங்காமல் வந்து இறங்கிய உடனேயா?

இது நியாயம். அன்றிரவு மைன்ஸில் தங்கட்டும், விமான நிலையத்திலிருந்து எஸ்8 ரயிலில் அரை மணி நேரம்தான். மறுநாள் காலை புறப்பட்டால் போதும்.

சூரிச் வாசகி: அண்ணை, ரைனை விடக் கறுங்காட்டு (பிளாக் ஃபொரஸ்ட்) ரயில் பாதைதான் வடிவு. ஓஃபன்பர்க்கிலிருந்து கொன்ஸ்டான்ஸ் வரைக்கும் போய்ப் பாருங்கோ.

ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. 1873-இல் முடித்த பாதை. ஹோர்ன்பெர்க் தாண்டி மலைக்குள் வளைந்து வளைந்து குகை குகையாக ஏறும். மூன்று வாரம் இருப்பவர்களுக்கு அதையே முதலில் சொல்வேன். இவர்களின் வழியில் அது இல்லை, ரைன் இருக்கிறது.

காஞ்சிபுரம்: ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மலிவாக டிக்கெட் கிடைத்தது, ஆனால் அடைப்புக்குறிக்குள் ஓடர் என்று இருக்கிறது.

உடனே நிறுத்துங்கள். அது போலந்து எல்லையில் இருக்கும் ஃபிராங்க்ஃபர்ட். விமான நிலையம் இருப்பது மைன் ஆற்றங்கரை ஃபிராங்க்ஃபர்ட். அடைப்புக்குறியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

புதுச்சேரி: சார், எந்த டிக்கெட் மலிவு?

இதற்கு மேலே இரண்டு முறை பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டு, அதில் புரியாததைக் கேளுங்கள்.

நாகர்கோவில்: ஹம் பற்றிச் சொன்னீர்களே, அங்கேதான் காமாட்சி அம்மன் கோயிலா?

ஆமாம். ஹம் நகரின் உவென்ட்ராப் பகுதியில், தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரத்தோடு இருக்கிறது. ஈழத்தமிழர்கள் எழுப்பியது, 2002-இல் குடமுழுக்கு. நிலையத்திலிருந்து நகரப் பேருந்தில் போகலாம், 63 யூரோ டிக்கெட் செல்லும். குறித்த ரயில் டிக்கெட்டோடு வருகிறவர்கள் ஹம்மில் இறங்கினால் அதே டிக்கெட்டில் மறுபடி ஏற முடியாது. பதிவு செய்யும்போதே இடைநிறுத்தமாக ஹம்மைச் சேர்த்து, இரண்டு மூன்று மணி நேரம் கொடுத்துவிடுங்கள்.

திருச்சி, புதுமணத் தம்பதி: மைன்ஸில் தங்குவதாக முடிவு செய்துவிட்டோம் அண்ணா. எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

மிகவும் சந்தோஷம். மைன்ஸில் ஆர்பி 26 என்ற ரயிலில் ஏறுங்கள். அது ஆற்றின் மேற்குக் கரையோடு வடக்கே போகும், ஆகவே ரயில் போகும் திசையைப் பார்த்து வலது பக்க ஜன்னல். ஓபர்வீசல் தாண்டியதும் சில குகைகள் வரும், அங்கேதான் லோரலை. கேமராவைக் கையிலேயே வைத்திருங்கள். அதற்கு முன்பே வரும் பகாராக் ஊரில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறுங்கள், உங்கள் டிக்கெட் அதற்கும் செல்லும்.