மருமகள் வீட்டு லாலியும் வந்தவாசி லாலியும்

வந்தவாசியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். மகன் மெல்பர்னில் இருக்கிறார், மருமகளின் பிறந்த வீட்டுப் பெயர் லாலி. "1850-களில் அயர்லாந்திலிருந்து கப்பலேறிய குடும்பமாம். கால்வே பக்கம் என்பதைத் தவிர அவர்களுக்கே எதுவும் தெரியவில்லை. எங்கள் ஊர்ச் சண்டையில் தோற்ற பிரெஞ்சுத் தளபதியும் லாலிதானே? இரண்டும் ஒரே குடும்பமா? பேத்திக்கு வம்சாவளி எழுதிக் கொடுக்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஒன்றேதான். கால்வே என்பது உண்மையானால் வேரும் அநேகமாக ஒன்றுதான். ஆனால் உங்கள் பேத்தி தளபதி லாலியின் நேர் வாரிசாக இருக்க வழியில்லை. அவருக்கு ஒரே மகன், அந்த மகனுக்கு ஒரே மகள், ஆண்வழி பிரான்சிலேயே முடிந்துவிட்டது. தளபதியின் முன்னோர்கள் கால்வேயில் விட்டுவந்த பங்காளிகளின் கூட்டம் இருக்கிறதே, உங்கள் சம்பந்தி வீட்டார் அதில்தான் வரவேண்டும்.

லாலி என்பது முழுப்பெயரின் பின்பாதி. ஐரிஷ் மொழியில் முழுப்பெயர் ஏறக்குறைய 'ஓ மீலாலி' என்று ஒலிக்கும். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். 'மீல்' என்றால் மொட்டைத் தலை. துறவிகள் தலையை மழித்துக்கொள்வதால், ஒரு புனிதரின் அடியவன் என்ற பொருளிலும் பழைய பெயர்களில் அந்தச் சொல் வரும். ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியபோது இந்த 'மீல்' எல்லாம் 'முல்' ஆயிற்று, மல்லிகன், மல்ரூனி போன்ற பெயர்களின் தலையில் இருப்பதும் இதே சொல்தான். அப்படி ஓ முல்லாலி ஆன பெயரில் அழுத்தம் விழுவது பின்பாதியில் என்பதால் முன்பாதி தேய்ந்து, சிலர் முல்லாலி என்றும் சிலர் வெறும் லாலி என்றும் நின்றுவிட்டார்கள். ஒரே ஆளுக்கே இரண்டும் வழங்கியதுண்டு. 1595-இல் இறந்த டூவம் நகரப் பேராயர் வில்லியம் என்பவரை ஒரு இடத்தில் லாலி என்றும் இன்னொரு இடத்தில் ஓ முல்லாலி என்றும் காணலாம். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தேடும்போது லாலி என்று மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று மூடிவிடுகிறவர்கள் அதிகம். முல்லாலியையும் தேடுங்கள். எழுத்து ஒன்று கூடியோ குறைந்தோ வந்தாலும் தள்ளிவிடாதீர்கள், அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னதைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதினார்.

இவர்களின் பழைய இடம் கால்வே மாவட்டத்தில் லாக்ரே ஊரைச் சுற்றிய சமவெளி. ஓ கெல்லி வம்சத்தார் அரசாண்ட சிற்றரசுக்குள், அங்கே ஒரு குறுநிலத் தலைவர் குடும்பமாக இருந்தார்கள். 1235-இல் நார்மன் பிரபு ரிச்சர்ட் டி பர்க் அந்தப் பகுதியைப் பிடித்தார், அடுத்த ஆண்டே லாக்ரேயில் அவருடைய கோட்டை எழுந்தது. நிலம் கைவிட்டுப் போனதும் லாலிகள் வடக்கே நகர்ந்து டூவமுக்குச் சில மைல் தள்ளி ஒரு மேட்டில் குடியேறினார்கள். அந்த இடத்தின் பெயர் டுல்லினடாலி, 'சபை கூடும் மேடு' என்று பொருள். (இன்றைய அயர்லாந்து நாடாளுமன்றத்தை 'டாயில்' என்கிறார்களே, அந்த டாயில்தான் இந்தப் பெயரின் கடைசியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) இந்த ஊர்ப்பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்க் கதை இங்கிருந்துதான் வருகிறது.

1689 முதல் 1691 வரை அயர்லாந்தில் நடந்த போரில் கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸின் தரப்பு தோற்றது. அதில் மிகப் பெரிய ரத்தக்களரி 1691 ஜூலையில், இதே கால்வே மாவட்டத்து ஆக்ரிமில் நடந்தது. அந்த அக்டோபரில் லிமெரிக் உடன்படிக்கை ஆனபின் சுமார் 14,000 வீரர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். 'காட்டு வாத்துகள்' என்று ஐரிஷ்காரர்கள் இன்றும் உருக்கத்தோடு சொல்வது இவர்களைத்தான். டுல்லினடாலியைச் சேர்ந்த ஜெரார்ட் லாலியும் பிரான்சின் ஐரிஷ் படையில், டில்லன் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். அங்கே ஒரு பிரெஞ்சுப் பெண்ணை மணந்தார், 1702-இல் ரோமான் என்ற ஊரில் மகன் தாமஸ் ஆர்தர் பிறந்தான். நம் பாடப்புத்தகத்து கவுண்ட் டி லாலி இவர்தான். பிரெஞ்சுக்காரர்கள் அவரை 'லாலி-டொலந்தால்' என்பார்கள். டொலந்தால் வேறொன்றுமில்லை, டுல்லினடாலி பிரெஞ்சு வாயில் புகுந்து வந்த உருவம். தன் கண்ணால் பார்த்து வளராத ஒரு மேட்டின் பெயரைக் கடைசிவரை பெயரோடு சுமந்தவர் அவர்.

மீதியை வந்தவாசிக்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1758-இல் புதுச்சேரியில் இறங்கினார், கடலூரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார், சென்னையை முற்றுகையிட்டும் எடுக்க முடியவில்லை, 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் தோற்றார், அடுத்த ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. 1766-இல் துரோகி என்று பாரிசில் தலையை வெட்டினார்கள். மகன் விடாமல் போராடி, எழுத்தாளர் வால்டேரும் துணைநின்று, 1778-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டது ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: எதிரே நின்று ஜெயித்த ஆங்கிலேயப் படைத் தளபதி அயர் கூட்டும் அயர்லாந்துக்காரர்தான், லிமெரிக் மாவட்டத்தில் பிறந்தவர். அவருடையது இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய புராட்டஸ்டன்ட் குடும்பம், லாலியுடையது நிலத்தை இழந்து வெளியேறிய கத்தோலிக்கக் குடும்பம். அயர்லாந்தின் வழக்கு உங்கள் கோட்டை வாசலில் வந்து மோதியிருக்கிறது. பேத்திக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எது?

சரி, இப்போது மெல்பர்ன் லாலிகளுக்கு வருவோம். பிரபுவானவர்கள் பிரான்ஸ் போனார்கள். போக வழியில்லாதவர்கள் அதே மண்ணில் குத்தகைக்காரர்களாகத் தங்கினார்கள். 1845-இல் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கி 1852 வரை பஞ்சம் நீடித்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் நாட்டைவிட்டுப் போனார்கள். கால்வேயும் மேயோவும் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்கள், லாலிகள் அதிகம் இருந்ததும் அங்கேதான். பெரும்பாலோர் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். 1851-இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும், அரசு கப்பல் கட்டணத்தை ஏற்றுக்கொண்டதும் சிலரை ஆஸ்திரேலியாவுக்கு இழுத்தன. உங்கள் சம்பந்தி வீட்டார் சொல்லும் காலம் இதோடு சரியாகப் பொருந்துகிறது.

தேடலை அயர்லாந்தில் தொடங்காதீர்கள், மெல்பர்னில் தொடங்குங்கள். கப்பலில் வந்த அந்த முதல் மனிதரின் இறப்புச் சான்றிதழை விக்டோரியா மாநிலப் பதிவகத்தில் வாங்கச் சொல்லுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். 1853-லிருந்து விக்டோரியா சான்றிதழ்கள் தங்கச் சுரங்கம் மாதிரி. பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த ஊர், காலனியில் எத்தனை வருஷம் இருந்தார், பிள்ளைகள் யார் என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. விவரம் சொன்னவருக்குத் தெரிந்த அளவுதான் எழுதியிருக்கும் என்பதால், கப்பலில் வந்த அந்த மனிதரின் மனைவி, அண்ணன் தம்பி, அக்கா தங்கை சான்றிதழ்களையும் சேர்த்தே எடுங்கள். ஒன்றில் 'கால்வே' என்று மட்டும் இருக்கும், இன்னொன்றில் ஊரே இருக்கும். அரசு கட்டணத்தில் வந்தவர் என்றால் கப்பல் பட்டியலில் சொந்த மாவட்டம், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா என்பதுகூட வரும். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் பழைய பத்திரிகைகளின் மரண அறிவிப்புகள் இலவசம்.

நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டியது டவுன்லேண்ட் பெயரை. அயர்லாந்தில் 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உண்டு, நம் குக்கிராமம் மாதிரி சின்னச் சின்னத் துண்டுகள். அந்தப் பெயர் கிடைத்துவிட்டால், 1847-க்கும் 1864-க்கும் நடுவில் வரிக்காக எடுத்த கிரிஃபித் மதிப்பீட்டைத் திறங்கள், அதுவும் இலவசம். ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். இடது ஓரத்தில் வரைபட எண், அடுத்து குடியிருப்பவர் பெயர், அவருக்கு நிலம் விட்டவர் பெயர், அப்புறம் சொத்தின் விவரம், பரப்பு, மதிப்பு. விவரத்தில் 'வீடு, ஆபீஸ், நிலம்' என்று இருக்கும். ஆபீஸ் என்றதும் தாத்தா ஏதோ உத்தியோகம் பார்த்தார் என்று நினைத்துவிட வேண்டாம், அது மாட்டுக்கொட்டகை. ஒரே டவுன்லேண்டில் இரண்டு பேட்ரிக் லாலி இருந்தால் அடைப்புக்குறிக்குள் அப்பன் பெயரையோ தலைமுடி நிறத்தையோ போட்டிருப்பார்கள், நம் ஊரில் 'செவத்த முருகன்' என்பதுபோல.

அங்கிருந்து கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளுக்குப் போகலாம் (பங்கு என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி). அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றைச் சுமார் 1880 வரை படமாகவே இலவசமாக வைத்திருக்கிறது. ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் பெயரை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமா இவர்கள்தான் நின்றிருப்பார்கள். தலைச்சன் பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்பது அங்கே பரவலான வழக்கம், பேரன் என்ற சொல்லையே வைத்திருக்கும் நமக்கு அது சட்டென்று பிடிபடும்.

ஆனால் மேற்கு அயர்லாந்தில் பல பங்குகளின் பதிவேடுகள் 1820, 1830-களுக்கு முன்னால் போகாது. 19-ஆம் நூற்றாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளோ, பாதியை அரசே அழித்தது, மீதியில் பெரும்பகுதி 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போயிற்று. ஆகவே ஒரு குத்தகைக்காரர் குடும்பத்தை 1800 வரை கொண்டுபோனாலே பெரிய காரியம், அங்கிருந்து 1690-க்குக் காகிதத்தில் பாலம் போட முடியாது. 'தளபதி லாலியின் வம்சம்' என்று யாராவது மரம் வரைந்து விற்க வந்தால் வாங்காதீர்கள். 'லாலி குடும்பச் சின்னம்' என்று கடையில் தொங்குவதும் அப்படித்தான். சின்னம் தனி ஆளுக்குக் கொடுக்கப்பட்டது, பெயர் ஒன்றாக இருக்கிற எல்லோருக்கும் அது சொந்தமாகாது. இன்னொன்று, கனடாவிலோ இங்கிலாந்திலோ லாலி என்று ஒருவர் கிடைத்தால் அவசரப்பட்டு உறவு கொண்டாட வேண்டாம், பஞ்சாபியரிலும் லாலி என்ற குடும்பப்பெயர் உண்டு, எழுத்தும் அதேதான்.

முதலில் அந்த இறப்புச் சான்றிதழ் வரட்டும். பிறந்த இடத்தில் டூவம் என்றோ அதைச் சுற்றிய ஒரு பங்கின் பெயரோ இருந்தால் எனக்கு எழுதுங்கள், பதிவேட்டுப் படங்களில் கையெழுத்து கோழி கிறுக்கியது மாதிரி இருக்கும், உங்களோடு சேர்ந்து நானும் படித்துப் பார்க்கிறேன்.