சேவைச் சங்கங்களால் நகர நடுவிலுள்ள கடைத்தெருவை மீட்டெடுக்க முடியுமா?

ரோட்டரி, லயன்ஸ் மாதிரியான சேவைச் சங்கங்கள், படுத்துப்போன நகர மையக் கடைத்தெரு மீண்டும் தலையெடுக்க உண்மையிலேயே உதவுமா, இல்லை விழா நடத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவ முடியும். ஆனால் பெரும்பாலான சங்கங்கள் முதலில் கையில் எடுக்கும் வேலையால் அது நடக்காது. பத்து வருடங்களுக்கு மேலாக ஒரு சேவைச் சங்கத்தில் இருக்கிறேன். அதில் ஒரு வருடம் செயலாளர், நான்கு வருடம் கடைத்தெருவுக்கென்று போட்ட குழுவில் உறுப்பினர். நாங்கள் தவறாகச் செய்ததும் சரியாக வந்ததும் இரண்டுமே கையில் இருப்பதால் சொல்கிறேன்.

முதல் வருடம் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். தெருவின் நடுவில் மேடை, பாட்டு, குழந்தைகளுக்கு விளையாட்டு, இரண்டு பக்கமும் தற்காலிகக் கடைகள். கூட்டம் நெரிந்தது. மறுநாள் நன்றி சொல்வதற்காகக் கடை கடையாக ஏறி இறங்கினோம். மேடைக்கு எதிரே கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "கூட்டம் வந்துச்சு சார். ஆனா எனக்கு வியாபாரம் வரல. மேடை என் வாசலை மறைச்சுடுச்சு." அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, அவ்வளவு மெதுவாகச் சொன்னார். விசாரித்துப் பார்த்தால், அன்று மாலை வழக்கமாக நடக்கும் விற்பனைகூடப் பல கடைகளில் நடக்கவில்லை. நாங்கள் வாடகை வாங்கிக்கொண்டு இடம் கொடுத்த வெளியாட்கள், அந்தத் தெருவில் ஏற்கெனவே விற்கும் அதே சரக்கைக் கடை வாசலிலேயே விற்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

அடுத்த வருடம் மேடையைத் தெருவின் ஒரு கோடிக்குக் கொண்டுபோனோம். வாகனம் நிறுத்தும் இடம் மறு கோடியில். வருகிறவர்கள் எல்லாக் கடைகளையும் தாண்டித்தான் மேடைக்குப் போக வேண்டும், அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். தற்காலிகக் கடை போடும் உரிமை முதலில் தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கு. செலவு ஒன்றும் கூடவில்லை, பலன் வேறாக இருந்தது. இருந்தாலும் விழா ஒரு நாள் விஷயம். மீதி முந்நூற்றுச் சொச்ச நாளைக்கு என்ன வழி என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். சேவைச் சங்கம் என்ற அமைப்பே வியாபாரிகளிடமிருந்து வந்ததுதான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து ரோட்டரியைத் தொடங்கினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்கடைக்காரர். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாறி மாறி, சுழற்சி முறையில் கூடியதால்தான் (ஆங்கிலத்தில் 'ரொட்டேஷன்') அந்தப் பெயரே வந்தது. ஆரம்பத்தில் நோக்கம் நட்பும், ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வதும்தான். 1915-ல் டெட்ராய்ட்டில் பிறந்த கிவானிஸ் என்ற இன்னொரு சேவைச் சங்கமும் அப்படித்தான். 1917-ல் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டுத் தொழில்காரர், நம் தொழிலுக்கு அப்பாலும் பார்ப்போம் என்று வியாபாரிகளின் குழுக்களை ஒன்றுசேர்த்தார். அதிலிருந்து வந்ததுதான் லயன்ஸ்.

சிகாகோ ரோட்டரிக்காரர்கள் எடுத்த முதல் பொதுப்பணி எது தெரியுமா? நகர மையத்தில் பொதுக் கழிப்பறை. 1907-ல் அதற்காக இயக்கம் தொடங்கினார்கள், 1909-ல் நகர மன்றக் கட்டிடத்துக்குப் பக்கத்தில் அது திறந்தது. எதிர்த்தது இரண்டு தரப்பு: மதுக்கடைகளில்தான் ஆண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதே என்று சொன்ன மது ஆலைக்காரர்கள் சங்கம், எங்களிடம்தான் பெண்களுக்கு இருக்கிறதே என்று சொன்ன பெரிய அங்காடிகள். கழிப்பறைக்காக உள்ளே வருகிறவர் ஏதாவது வாங்கிவிட்டுப் போவார் அல்லவா, அந்த வாய்ப்பை விட அவர்களுக்கு மனமில்லை.

இந்தக் கதையை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு தெருவில் எல்லோருக்கும் தேவைப்படும், ஆனால் எந்தத் தனிக்கடைக்காரரும் கைக்காசு போட்டுச் செய்ய மாட்டார் என்கிற வேலைகள் நிறைய உண்டு. கழிப்பறை, குடிதண்ணீர், உட்கார ஒரு பெஞ்ச், நிழல், வெளிச்சம், உடைந்த நடைபாதைக் கல். வயதானவர்களும், குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் ஒரு தெருவில் அரை மணி நேரம் இருப்பார்களா, இரண்டு மணி நேரம் இருப்பார்களா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. பேரங்காடிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே ஒரே நிர்வாகம் இருப்பதால் இதையெல்லாம் முதல் நாளே செய்துவிடுகிறார்கள். கடைத்தெருவுக்கு அப்படி ஒரு நிர்வாகம் கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் சங்கத்துக்கு இடம் இருக்கிறது. அது எந்தக் கடைக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாக் கடைக்காரர்களையும் ஒரே அறையில் உட்கார வைக்க அதனால் முடியும். போட்டிக் கடைக்காரர் கூப்பிட்டால் வராதவர், சங்கம் கூப்பிட்டால் வருவார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எண்ணுவதிலிருந்து. உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராகத் தெருவின் இரு முனைகளிலும் நின்று, ஒரு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும், மணிக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று குறித்தோம். பூட்டிக் கிடக்கும் கடைகளைப் பட்டியல் எடுத்தோம். எது யாருடையது, எப்போதிலிருந்து மூடியிருக்கிறது, ஏன் வாடகைக்குப் போகவில்லை. இந்த இரண்டு வேலைக்கும் காசு தேவையில்லை, கால் வலிதான். ஆனால் அதுவரை கூட்டங்களில் நாங்கள் பேசிக்கொண்டிருந்த பாதி விஷயம் தவறு என்று அதில் தெரிந்தது. மாலையில் அலுவலகம் விட்டுவரும் கூட்டம் தெருவில் நன்றாகவே இருந்தது. அந்த நேரத்துக்குள் சில கடைகள் ஷட்டரை இறக்கத் தொடங்கிவிடுகின்றன, அதுதான் சிக்கல். ஒரு கடை இருட்டாக இருந்தால் பக்கத்துக் கடைக்கும் ஆள் நடப்பதில்லை.

வாகன நிறுத்தமும் அப்படியே. இடமில்லாததால்தான் வாடிக்கையாளர் வருவதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். காலையில் போய்ப் பார்த்தால், கடை வாசல்களில் நின்றவற்றில் பெரும்பாலானவை கடைக்காரர்களுடைய, ஊழியர்களுடைய சொந்த வண்டிகள். காலையில் நிறுத்தினால் இரவுதான் எடுப்பார்கள். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் பழைய நகரப் பகுதி பாழடைந்து கிடந்தது. 1993-ல் அங்கே நிறுத்தக் கட்டண மீட்டர் வைத்தார்கள். கடைக்காரர்கள் முதலில் பயந்தார்கள். வசூலாகும் பணம் அந்தத் தெருக்களின் நடைபாதைக்கும் மரத்துக்கும் விளக்குக்குமே செலவாகும் என்று நகராட்சி ஒப்புக்கொண்ட பிறகுதான் இணங்கினார்கள். நாங்கள் மீட்டர் வைக்கவில்லை, அது சங்கத்தின் அதிகாரத்தில் இல்லை. ஊழியர் வண்டிகளைப் பின்தெருவுக்கு மாற்றச் சொல்லி ஒவ்வொரு கடையிலும் பேசினோம். உறுப்பினர்களின் கடைகளிலிருந்தே தொடங்கினோம். அப்படிச் செய்யாமல் மற்றவர்களிடம் போயிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள்.

பூட்டிய கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உரிமையாளர்களில் பலர் வேறு ஊரில் இருந்தார்கள். சிலர், வாடகையைக் குறைத்தால் கட்டிடத்தின் மதிப்பே குறைந்துவிடும் என்று காலியாகவே வைத்திருந்தார்கள். இன்னும் சிலருக்கு, ஒருமுறை உள்ளே விட்டால் காலி செய்ய மாட்டார்களோ என்ற பயம். ஆஸ்திரேலியாவின் நியூகாசல் நகரில் 2008-ல் மார்கஸ் வெஸ்ட்பரி என்பவர் தொடங்கிய 'ரினியூ நியூகாசல்' இந்தப் பயத்துக்குத்தான் மருந்து கண்டுபிடித்தது. நீண்ட குத்தகைக்குப் பதிலாக, குறுகிய காலத்துக்கு இடத்தைப் பயன்படுத்தும் அனுமதி மட்டும். உரிமையாளர் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு பொறுப்பு ஏற்றுக்கொள்ளும். கைவினைஞர்களும் சிறு தொழில் தொடங்குகிறவர்களும் உள்ளே வந்தார்கள். நாங்கள் இரண்டே இரண்டு கடைகளில் இதை முயன்றோம். ஒன்றில் வந்தவர் நிலைத்து, முறையாக வாடகைக்கு எடுத்துக்கொண்டார். இன்னொருவர் சில மாதத்தில் போய்விட்டார். ஆனால் கடை சுத்தமாகி, விளக்கு எரிந்து, கண்ணாடி துடைக்கப்பட்டிருந்ததால் அடுத்த ஆள் சீக்கிரம் வந்தார்.

தள்ளுபடி வாரம் நடத்தும் யோசனை இருந்தால் ஒரு எச்சரிக்கை. எங்கள் சங்கப் பெயரில் நடந்த ஒரு வாரத்தில், சில கடைகளில் விலையை ஏற்றி எழுதிவிட்டுப் பிறகு குறைத்தார்கள் என்று புகார் வந்தது. எங்களுக்கு அது பெரிய வலி. ரோட்டரியில் 'நான்கு வழிச் சோதனை' என்று ஒன்று உண்டு. 1932-ல், பெரும் பொருளாதார மந்தத்தின்போது, திவாலின் விளிம்பில் இருந்த ஒரு பாத்திர நிறுவனத்தைப் பொறுப்பேற்ற ஹெர்பர்ட் டெய்லர் தன் ஊழியர்களுக்காக எழுதிய நான்கு கேள்விகள் அவை. இது உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமானதா என்று தொடங்கும். கூட்டத்தில் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை, அடுத்த முறை பங்கேற்கும் கடைகளுக்கான நிபந்தனையாகவே எழுதிக் கையெழுத்து வாங்கினோம். சில கடைகள் விலகிக்கொண்டன. அது நல்லதுக்குத்தான்.

பணம் விஷயத்திலும் கவனம் வேண்டும். சங்க உறுப்பினர்களில் பலர் அதே தெருவில் கடை வைத்திருப்பவர்கள். பொதுமக்களிடம் திரட்டிய நிதி பொதுப்பணிக்கே போக வேண்டும், உறுப்பினருக்கு லாபமாகக் கூடாது என்பது இத்தகைய சங்கங்களின் அடிப்படை விதி. லயன்ஸில் நிர்வாகக் கணக்கும் சேவைக் கணக்கும் தனித்தனியாக இருப்பது இதற்காகத்தான். ஆகவே தனிக்கடைகளுக்கு உதவித்தொகை என்று இறங்காமல், தெருவுக்குப் பொதுவானதில் போடுங்கள். தீ, வெள்ளம் மாதிரி திடீர் அடி விழுந்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போது உடனடியாகத் தேவைப்படுவது ஆட்கள். சேற்றை அள்ள, சரக்கை மேலே ஏற்ற, முக்கியமாக, சுத்தம் செய்வதற்கு முன்னால் சேதத்தைப் படம் எடுத்துக் காப்பீட்டுப் படிவம் நிரப்ப உதவ. நாற்பது பேரை ஒரே நாளில் திரட்டுவது சங்கங்களுக்குக் கைவந்த கலை.

இனி, சங்கத்தின் பெரிய பலவீனம். ஜூலை 1 வந்தால் தலைவர் மாறுவார். புதுத் தலைவருக்குப் புதுத் திட்டம். கடைத்தெரு மீள்வதற்கோ ஐந்து, பத்து வருடம் ஆகும். எங்கள் குழு நான்கு வருடம் தாக்குப்பிடித்ததற்கு ஒரே காரணம், அடுத்தடுத்துத் தலைவராக வரப்போகிற மூன்று பேரையும் முதல் நாளே குழுவில் சேர்த்ததுதான்.

அதுவும் போதாது. 1960-களில் டொராண்டோவின் புளூர் மேற்குக் கடைத்தெருவில், சுரங்க ரயில் வந்ததும் தெருவில் நடந்த கூட்டம் பூமிக்கடியில் போய்விட்டது. பேரங்காடிகள் மீதியை இழுத்தன. வியாபாரிகள் விருப்பச் சந்தா போட்டு எதையாவது செய்யப் பார்த்தார்கள். சிலர் கொடுத்தார்கள், பலன் எல்லோருக்கும் போனது, கொடுத்தவர்கள் சலித்துப்போனார்கள். அதனால் 1970-ல், அந்தப் பகுதியிலுள்ள எல்லாக் கடைகளிடமும் வரியோடு சேர்த்து ஒரு தொகை வசூலித்து அந்தத் தெருவுக்கே செலவிடும் சட்ட ஏற்பாடு வந்தது. இன்று உலகெங்கும் இருக்கும் வணிக மேம்பாட்டுப் பகுதிகளுக்கு அதுதான் முன்னோடி. அமெரிக்காவில் 1977-ல் மூன்று சிறு நகரங்களில், பழைய கடைத்தெருக்களை மீட்பதற்கான 'மெயின் ஸ்ட்ரீட்' திட்டத்தைச் சோதித்தபோதும், ஒவ்வொரு நகரத்துக்கும் முழுநேரமாக ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். வாரம் ஒருமுறை கூடும் தன்னார்வலர்களால் அந்த ஒருவருடைய வேலையைச் செய்ய முடியாது. ஆனால் அந்த ஒருவருக்கு முதல் வருடச் சம்பளத்தைத் திரட்டிக் கொடுக்க முடியும். வியாபாரிகளை ஓர் அமைப்பாகப் பதிவு செய்ய வைத்து, நகராட்சியோடு பேசவைத்து, பிறகு நாற்காலியை அவர்களிடம் விட்டுவிட்டு ஒதுங்க முடியும். கேட்டால் நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான்.

எங்கள் தெருவிலும் ஒரு கழிப்பறை கட்டினோம். திறப்பு விழா முடிந்த இரண்டாம் மாதமே பூட்டுத் தொங்கியது. சாவி யாரிடம், சுத்தம் செய்பவருக்குச் சம்பளம் யார் தருவது என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை. பிறகு வியாபாரிகள் சங்கத்தோடு உட்கார்ந்து, மாதச் சந்தாவில் அதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கி, சாவியை அவர்கள் கையில் கொடுத்தோம். வாசலில் எங்கள் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இப்போது அவர்களுடைய தொலைபேசி எண் இருக்கிறது. போன வாரம் போனபோதும் திறந்துதான் இருந்தது.