ஷூ பெட்டிப் பொட்டலமும் பிரிங்கரின் படலமும்

அன்புள்ள ஐயா,

நுண்துளை சிலிக்கா பற்றிய கட்டுரையில் ஜெஃப்ரி பிரிங்கரின் ஆய்வை வெகுவாகப் பாராட்டியிருந்தீர்கள். ஷூ பெட்டிக்குள் கிடக்கும் சிலிக்கா ஜெல்லும் துளை நிறைந்ததுதானே? இதில் என்ன புதுமை? பயன் ஏதும் உண்டா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

பொட்டலத்தை லேசாக நினைக்காதீர்கள். அதில் ஒரு கிராமின் உள்பரப்பே 700, 800 சதுர மீட்டர் வரும். 1992-இல் மோபில் நிறுவன ஆய்வாளர்கள் அறிவித்த எம்சிஎம்-41 சிலிக்காவில் ஆயிரத்தை ஒட்டி வரும், ஏறக்குறைய கால் ஏக்கர். பரப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஜெல்லில் துளைகள் தாறுமாறு. எம்சிஎம்-41-இல் எல்லாம் ஒரே அளவு, தேன்கூடு போல அடுக்கு. சோப்பு வகை மூலக்கூறுகள் தண்ணீரில் தாமாகவே உருளைகளாகத் திரளும். அவற்றைச் சுற்றி சிலிக்கா படியும். உலையில் சுட்டால் சோப்பு எரிந்துபோய் அந்த இடம் துளையாகிவிடும். வால் நீண்ட மூலக்கூறைப் போட்டால் துளையும் பெரிதாகும்.

புதுமையைப் பொறுத்தவரை ஒரு வேடிக்கை உண்டு. கனமில்லாத சிலிக்கா பொடிக்காக 1971-இலேயே அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். 1997-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதே செய்முறையைத் திரும்பச் செய்து பார்த்தால், கிடைத்தது எம்சிஎம்-41! எடுத்தவர்களுக்குக் கையில் இருப்பது என்னவென்று தெரியவில்லை.

சரி, பிரிங்கருக்கு வருவோம். அவர் நியூ மெக்சிகோவில் சாண்டியா ஆய்வகத்தில் இருந்தவர். 1997-இல் அவர் குழு வெளியிட்டது பொடி அல்ல, படலம். கரைசலில் ஆல்கஹால் அதிகம்; சோப்பு திரள முடியாத அளவுக்கு நீர்த்தது. தகட்டை அதில் முக்கி மெதுவாக, நேராக மேலே தூக்குவார்கள். ஆல்கஹால் ஆவியாக ஆவியாக மிச்சம் செறிவாகி, சோப்பு திரண்டு, சிலிக்காவோடு சேர்ந்து அடுக்காகிவிடும். சில நொடிகளில் முடிந்துவிடும் வேலை. படலம் மெலியும்போது தகட்டில் வண்ணப் பட்டைகள் தெரியும். கீழே கரைசல், மேலே காய்ந்த படலம். நடுவில் ஒவ்வொரு உயரமும் ஒவ்வொரு கட்டம். அங்கே ஒளியைப் பாய்ச்சி, எந்த உயரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். இந்தத் துறையில் உலர்த்துவது என்றாலே தலைவலி, விரிசல் விடும். அதையே வேலை வாங்கியதுதான் எனக்குப் பிடித்தது.

பயன்? எண்ணெய் சுத்திகரிப்பில் எம்சிஎம்-41 பெரிதாகச் சாதிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். சூடான நீராவியில் அதன் மெல்லிய சுவர்கள் இடிந்துபோகின்றன, அமிலத்தன்மையும் போதவில்லை. அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் இடத்தை அதனால் பிடிக்க முடியவில்லை. படலத்தின் கதை பரவாயில்லை. கண்ணாடியின் ஒரு பக்கத்தில் பட்ட ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். அதைத் தடுக்க ஒளிவிலகல் எண் 1.23 அளவில் ஒரு பூச்சு வேண்டும். கெட்டி சிலிக்காவுக்கு 1.46. பாதிக்குப் பாதி காற்றாக்கினால் அந்த அளவுக்கு இறங்கிவிடும். சோலார் பேனல் கண்ணாடிகளில் பூசுவது பெரும்பாலும் இந்த மாதிரி துளை சிலிக்காதான். ஆனால் அங்கே துளைகள் ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. உங்கள் ஷூ பெட்டிக்கு அதில் ஒரு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.